ஸ்டார்ட் இல்லாத ஜாய்ஸ்டிக்

1

வீடியோ கேம் பெட்டிகளைப் பற்றி எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் போர் வரலாறுகள். அட்டாரி சரிந்தது, நின்டெண்டோ எழுந்தது, சேகா அதை எதிர்த்து நின்றது, இருவரையும் சோனி முந்தியது, பிறகு மைக்ரோசாஃப்ட் களத்தில் இறங்கியது. பல்லவர், சோழர், நாயக்கர் என்று மன்னர்களை வரிசைப்படுத்திப் பாடப்புத்தகம் எழுதுகிற அதே முறை. வெற்றியை அளக்கும் கோலும் ஒன்றே ஒன்றுதான்: விற்ற பெட்டிகளின் எண்ணிக்கை. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 சுமார் 16 கோடி. 2004இல் வந்த நின்டெண்டோ டிஎஸ் 15.4 கோடி. 2017இன் ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது. முதல் பிளேஸ்டேஷனும் வீ என்ற பெட்டியும் தலா 10 கோடிக்குச் சற்று மேல். சேகாவின் ட்ரீம்காஸ்ட் 1 கோடியைக்கூடத் தொடவில்லை. 2001இல் சேகா பெட்டி செய்வதையே விட்டுவிட்டது.

இந்தக் கணக்கு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இது யாருடைய கணக்கு என்பதுதான் கேள்வி. பனமலையில் நாங்கள் விளையாடிய பெட்டி இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. விற்ற எண்ணிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, பெட்டியின் பொத்தானில் எந்த விரல்கள் பட்டன, எந்த விரல்கள் படாமல் தள்ளி வைக்கப்பட்டன என்பதைக் கொண்டு அளந்தால் இந்த வரலாறு எப்படி இருக்கும்? இக்கட்டுரை அதைத்தான் கேட்டுப் பார்க்கிறது.

2

போட்டி என்னும் சொல்லாடலை முதலில் பிரித்துப் பார்ப்போம். 1970களில் அட்டாரி நிறுவனம் கேம் எழுதியவர்களின் பெயரை அட்டையில் போடவில்லை. பெயரும் பங்கும் கேட்டுக் கிடைக்காத புரோகிராமர்கள் நால்வர் வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தின் தொடக்கத்தில் நின்றார்கள். அட்டாரி வழக்குப் போட்டும் அவர்களைத் தடுக்க முடியவில்லை. அட்டாரி பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் கேம் எழுதலாம் என்றாயிற்று. 1983இல் அமெரிக்கச் சந்தை மட்டமான கேம்களால் நிரம்பிச் சரிந்தபோது, பழி இந்தத் திறந்த கதவின் மேல் விழுந்தது.

நின்டெண்டோ படித்த பாடம் கதவைப் பூட்டு என்பது. 1985இல் அமெரிக்காவுக்கு வந்த அதன் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. கேசட்டுக்குள் அதன் இணைச் சில்லு இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் ஆட்டம் ஓடும். வெளியார் கேம் எழுத வேண்டுமென்றால் உரிமம் வாங்க வேண்டும். ஆண்டுக்கு 5 கேம்தான் எழுதலாம். எழுதியதை இரண்டு ஆண்டுகள் வேறு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. கேசட்டையும் நின்டெண்டோவே செய்து தரும். நம் ஊரில் இதற்குப் பழைய பெயர் உண்டு. வாரம். நிலம் ஒருவனுடையது, உழைப்பு இன்னொருவனுடையது, களத்துமேட்டில் முதலில் அளப்பது நிலக்காரனுக்கு.

இந்தக் கோணத்தில் பார்த்தால் புகழ்பெற்ற சண்டைகளின் முகம் மாறுகிறது. 1991இல் சோனி தான் நின்டெண்டோவோடு சேர்ந்து செய்யும் குறுந்தகட்டுப் பெட்டியை அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ பிலிப்ஸோடு கைகோத்தது. சண்டையின் வேர், குறுந்தகட்டில் வரும் கேம்களின் உரிமை யாருக்கு என்பது. 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. பூட்டுச் சில்லின் நிரலைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பொய் சொல்லி வாங்கிய அட்டாரி கேம்ஸ், நின்டெண்டோவிடம் தோற்றது. சேகா கேசட்டைத் தானே பிரித்துப் படித்துக் கேம் எழுதிய அக்கோலேடு, சேகாவை வென்றது. 1995இல் அமெரிக்கக் கண்காட்சி மேடையில் சேகா தன் பெட்டிக்கு 399 டாலர் என்றது. சோனியின் ஆள் மேடையேறி 299 என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். இதை இன்றுவரை வீரக்கதையாகச் சொல்கிறார்கள். பெட்டியை மலிவாகக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு கேமிலும் வாரம் அளந்துகொள்ளலாம் என்ற கணக்கு இருக்கும்போது 100 டாலர் என்ன பெரிய தியாகம்? நிலக்காரர்கள் தமக்குள் போட்டி போட்டார்கள். வாரம் வேண்டாம் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

3

1983 ஜூலையில் ஜப்பானில் 14,800 யென்னுக்கு வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியில் இந்தப் பூட்டு இல்லை. நகலெடுத்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. தைவானில் அதே மாதிரிச் சில்லுகள் செய்யப்பட்டன. ரஷ்யாவில் 1992இல் டெண்டி என்ற பெயரில் வந்தது. சீனாவில் விசைப்பலகை வைத்து, படிப்புக் கருவி என்று சொல்லி சுபோர் விற்றது. போலந்தில் பெகாசஸ், பிரேசிலில் ஃபான்டம் சிஸ்டம். இந்தியாவில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர், இன்னும் பெயரே இல்லாத பல. அதிகாரபூர்வமாக வந்த பெட்டி எந்த லட்சணத்தில் வந்தது என்றும் சொல்ல வேண்டும். 1995இல் சேகாவின் மெகா டிரைவை ஷா வாலஸ் நிறுவனம் இங்கே விற்றபோது அதன் விலை 18,000 ரூபாய். அன்றைய இறக்குமதி வரி 80 சதவீதம். விழுப்புரம் மாவட்டத்தில் அந்த விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கி மிச்சமும் பார்த்திருக்கலாம்.

அசல், நகல் என்ற எதிர்மையும் அவ்வளவு கெட்டியானதல்ல. ஃபேமிகாமின் மையச் சில்லே 6502 என்ற அமெரிக்கச் சில்லை ஒட்டிச் செய்யப்பட்டதுதான். அதிலிருந்து பதின்ம எண் கணக்குப் பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்திருந்தார்கள். காப்புரிமையைச் சுற்றிப் போவதற்காக என்பது பரவலான கருத்து. நகலெடுப்பவன் பெரிய ஆளாக இருந்தால் அதற்குப் பெயர் தொழில்நுட்பம், சின்ன ஆளாக இருந்தால் திருட்டு.

இங்கே நம் சிறுபத்திரிகை மனம் சட்டென்று ஒரு முடிவுக்குத் தாவும்: நகல் என்பது கலகம், விளிம்பின் எதிர்ப்பு. வால்டர் பெஞ்சமினை மேற்கோள் காட்டி, நகல் அசலின் ஒளிவட்டத்தை உடைத்தது என்று எழுதிவிடலாம். நானும் அப்படி எழுதியவன்தான். இப்போது அதில் எனக்கு அவநம்பிக்கை. 9999 கேம் என்று அட்டையில் போட்ட கேசட்டை ஏற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஏழெட்டு கேம். அதே மரியோ இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் ஒரு எண், மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் இன்னொரு எண். நகல் சந்தையும் சந்தைதான். அதன் தொழிற்சாலைகளில் சாலிடர் வைத்தவர்களின் பெயரும் அட்டையில் இல்லை. நகல் செய்தது ஒன்றே ஒன்று: பெட்டிக்குள் இருந்த பூட்டை இல்லாமலாக்கியது. வீட்டு வாசலில் இருந்த பூட்டு அப்படியே இருந்தது.

4

அந்த வாசலைப் பற்றிச் சொல்ல என் அனுபவத்துக்குள் போகாமல் முடியாது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகள். ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் டிவியும் கேம் பெட்டியும் வைத்து அரைமணிக்கு ஐந்து ரூபாய் என்று விட்டார்கள். காலனிப் பிள்ளைகளான நாங்கள் தெருவோர ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். சும்மா பார்ப்பதற்குக் காசில்லை. ஒருநாள் நானும் என் கூட்டாளியும் ஐந்து ரூபாய் தேற்றிக்கொண்டு போய் நீட்டினோம். அந்த அண்ணன் காசை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார். "உள்ள எதுக்குடா வர்றீங்க, இங்கேருந்தே ஆடுங்க" என்று இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை வயரோடு இழுத்து ஜன்னல் கம்பி வழியாக வெளியே கொடுத்தார். காசு உள்ளே போனது, ஜாய்ஸ்டிக் வெளியே வந்தது. நாங்கள் நின்ற இடம் மாறவில்லை.

அந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட், செலக்ட் என்ற இரண்டு பொத்தான்களும் கிடையாது. பெட்டி மட்டமானது என்பதால் அப்படி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, 1983இன் ஜப்பானிய அசலிலேயே அப்படித்தான். இரண்டாவது ஆளின் ஜாய்ஸ்டிக்கில் அந்த இடத்தில் சின்ன மைக் ஒன்று வைத்திருந்தார்கள். நகல் மைக்கையும் எடுத்துவிட்டது. எந்த கேம் என்று தேர்ந்தெடுப்பது, தொடங்குவது, நடுவில் நிறுத்துவது எல்லாம் முதல் ஜாய்ஸ்டிக் கையில். உள்ளே உட்கார்ந்திருந்த பையன் காண்ட்ரா வைத்தால் காண்ட்ரா. அவனுக்குத் தண்ணீர் தாகம் எடுத்தால் எங்கள் ஆளும் அந்தரத்தில் நிற்பான். எங்கள் அரைமணி அப்படியே ஓடும்.

இதை வெறும் உருவகமாகப் படித்துவிட வேண்டாம். ஜப்பானில் பொறியாளர் எடுத்த ஒரு முடிவுக்குச் சாதி தெரியாது. ஆனால் அந்த முடிவு வந்து சேர்ந்த தெருவுக்குச் சாதி தெரியும். முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று கருவி வைத்த பிரிவினையைத் தெரு தனக்குத் தெரிந்த பிரிவினையின் மேல் கச்சிதமாகப் பொருத்திக்கொண்டது. எந்த விற்பனைப் பட்டியலும் சொல்லாத இன்னொன்றும் அந்த ஜன்னலில் நடந்தது. ஆடியவர் இருவர் என்றால் பார்த்தவர் பத்துப் பேர். எங்கள் குன்றின் மேலுள்ள தாளகிரீசுவரர் கோயிலில் ராஜசிம்மன் காலத்துச் சுவரோவியம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதில் ஆடும் சிவன் அநேகமாக அழிந்துவிட, சாய்ந்து நின்று ஆட்டத்தைப் பார்க்கும் தேவி மிஞ்சியிருக்கிறாள். வீடியோ கேம் வரலாற்றில் இது தலைகீழ். பார்த்தவர்கள்தான் முதலில் அழிகிறார்கள்.

5

எங்களுக்கு முதல் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தது எந்த நிறுவனத்தின் விலைக்குறைப்பும் அல்ல. 2006 செப்டம்பரில் தி.மு.க. அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி போனது. ஓட்டுக்கு லஞ்சம், சோம்பேறியாக்கும் இலவசம், சீரியல் போதை என்று அறிவாளிகள் வைத்த விமர்சனங்களில் நியாயம் இருக்கலாம். ஆனால் அடுத்தவர் வீட்டு ஜன்னலில் நின்று டிவி பார்க்காதவர்கள் அதைப் பேசியபோது ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. டிவி வீட்டுக்கு வந்தால் ஜன்னல் தேவைப்படாது. விழுப்புரத்தில் சில நூறு ரூபாய்க்கு ஒரு நகல் பெட்டி வாங்கி வந்தோம். நான் அப்போது மேல்நிலைப் பள்ளி மாணவன். விளையாடும் வயது கிட்டத்தட்டத் தாண்டியிருந்தது. என் தம்பி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினான், நிறுத்தினான், மறுபடி அழுத்தினான். கேம் ஆடாமல் அதையே கொஞ்ச நேரம் செய்துகொண்டிருந்தான்.

நாங்கள் 'டேங்க் கேம்' என்று கூப்பிட்டது 1985இல் நாம்கோ வெளியிட்ட பேட்டில் சிட்டி. அதன் முதல் திரையில் ஒருவர், இருவர் என்பவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி இருக்கும்: கன்ஸ்ட்ரக்‌ஷன். செங்கல், இரும்பு, தண்ணீர், மரம் ஆகியவற்றை வைத்து நாமே ஒரு களத்தைக் கட்டலாம். ஜன்னலில் நின்ற காலத்தில் அந்த வரிக்கு நாங்கள் போனதே இல்லை. அதற்கு செலக்ட் வேண்டும். இப்போது தம்பியும் கூட்டாளிகளும் ஏரியை வரைந்தார்கள், ஊர்த்தெருவை வரைந்தார்கள், காலனியை வரைந்தார்கள். காக்க வேண்டிய கழுகு திரையின் அடியில் நிற்கும். அதைச் சுற்றிக் காலனியின் சுவரை இரும்பில் கட்டினார்கள். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. கட்டியதைச் சேமித்து வைக்க அந்த கேசட்டில் வழியில்லை.

6

பிளேஸ்டேஷன் 2 இந்தியாவைத் திரும்பிப் பார்த்தபோது என்ன பார்த்தது? முழுக்க இந்தியாவில் உருவாகி அந்தப் பெட்டிக்கு வந்த முதல் கேம், 2009இல் ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜிஸ் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்'. அமெரிக்காவில் இருக்கும் இந்துத் தலைவர் ராஜன் ஜெட் அதைத் திரும்பப் பெறச் சொன்னார். கடவுளைப் பொத்தான் அழுத்தி ஆட்டிவைப்பது இழிவு என்பது அவர் வாதம். அவர் சாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றவனுக்கு அந்த வாதத்தின் உள்ளடுக்கு புரியும். எந்த விரல் எதைத் தொடலாம் என்பதுதான் அது. இன்னொரு பக்கம், இந்தியாவின் முதல் கதையாக நிறுவனம் தேர்ந்ததும் இதிகாசத்தைத்தான். தொடக் கூடாது என்றவரும் தொட்டு விற்றவரும் இந்தியா என்றால் ஹனுமான் என்பதில் ஒத்துப்போனார்கள்.

இன்று காலனிப் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. 16 கோடி விற்ற பெட்டியின் கேம்களைக்கூட அதில் ஓட்டிவிடுகிறார்கள். ஜன்னல் இல்லை, இரண்டாவது ஜாய்ஸ்டிக் இல்லை. ஆகவே பிரச்சினை தீர்ந்தது என்றால், இல்லை. ஆடும் உரிமை வந்துவிட்டது, ஆக்கும் உரிமை வரவில்லை. பூட்டும் வாரமும் பெட்டியிலிருந்து செயலிக் கடைக்கு இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

நம் விமர்சகர்கள் சினிமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது அரசியலைத் தீர்மானித்ததால் எழுத வேண்டியிருந்தது. வீடியோ கேமைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டோம். அந்தப் பிள்ளைகள்தான் இன்று எழுதவும் போராடவும் வந்திருப்பவர்கள். அவர்கள் எந்த ஜன்னலில் நின்றார்கள், எவ்வளவு காசு கொடுத்தார்கள், எந்த ஜாய்ஸ்டிக் கையில் கிடைத்தது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். என் தம்பி கட்டிய காலனிக்கு இந்தப் பத்தியைத் தவிர வேறு பதிவு இல்லை.