மகிழ்ச்சிக்கு ஒரு பாடவேளை

டெல்லி அரசுப் பள்ளிகளின் மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தை இங்கும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு கல்வி மேடைகளில் ஓயவில்லை. 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைத்த திட்டம். 2020இல் மெலனியா டிரம்ப் வந்து பார்த்த வகுப்பு. மனப்பயிற்சி தந்தால் படிப்பும் உயரும், ஆய்வுகளே சொல்லிவிட்டன என்கிறார்கள் ஆதரவாளர்கள்.

ஆய்வுகள் சொன்னது மெய்தான். ஜோசப் டர்லக் குழுவினர் 2011இல் சமூக, உணர்வுத் திறன்களைக் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்து, படிப்பில் 11 சதமானப் புள்ளி முன்னேற்றம் கண்டார்கள். டெல்லி வகுப்புக்குத் தேர்வு வைக்காததும் நல்ல முடிவு. தன் பயத்தை வாய்விட்டுச் சொல்ல ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் நேரம் கிடைத்ததே பெரிது.

ஆனால் பள்ளி நாள் முழுக்கத் தன்னை எப்படி நடத்துகிறது என்பதிலிருந்துதான் பிள்ளை மனிதர்களைப் பற்றிக் கற்றுக்கொள்கிறது. மகிழ்ச்சி வகுப்பு அந்த நடத்தையைத் தொடுவதே இல்லை.

அதே டெல்லி அரசு 2016இல் 'சுனௌதி' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. வாசிக்கத் தெரியாமலே மேல்வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளைக் கைதூக்கிவிடுவது நோக்கம். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. செய்த விதம் என்ன? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிப்புத் திறனைப் பார்த்துப் பிரித்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் 'பிரதிபா', 'நிஷ்டா' என்று பிரிவுகள். திரும்பத் திரும்பத் தோற்றவர்கள் 'விஷ்வாஸ்' என்ற பெயரில் அஞ்சல்வழிப் பள்ளியின் கணக்குக்கு மாற்றப்பட்டார்கள். எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் தான் எந்தக் கும்பலில் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்பது பிள்ளைக்கு முதல் நாளே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையைத்தான் மகிழ்ச்சி வகுப்பில் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள்.

என் நெடுநாள் மறுப்பு இதுதான். பலர் முன்னால் மட்டம் தட்டப்பட்ட பிள்ளைக்குக் கோபம் வருவது நியாயம். அந்தக் கோபத்தை அடக்கிப் பழகு என்று சொல்லும்போது, கோளாறு பிள்ளையின் மனதில் இருப்பதாகப் பள்ளி தீர்ப்பு எழுதிவிடுகிறது. மட்டம் தட்டியவரை யாரும் கேட்பதில்லை. வகுப்பில் பரிவுக் கதை சொல்லும் ஆசிரியரே அடுத்த மணியில் விடைத்தாளைத் தூக்கிக் காட்டித் திட்டினால், பிள்ளை எதை நம்பும்? திட்டியதைத்தான் நம்பும். அங்கே அந்தப் பாடவேளையால் பயன் இல்லை என்பது மட்டுமல்ல, கேடும் உண்டு. நல்ல சொற்களின் மேலேயே பிள்ளைக்கு அவநம்பிக்கை வந்துவிடும்.

பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 13 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022இல் வந்தது. மனக்கவனப் பயிற்சி பெற்றவர்களின் மனநலம் வழக்கமான வகுப்பில் இருந்தவர்களைவிட மேம்படவில்லை. ஆனால் ஆசிரியர்களின் சோர்வு குறைந்தது, பள்ளிச் சூழல் ஓரளவு சீர்பட்டது. கைவைக்க வேண்டிய இடம் பெரியவர்கள்தான் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு சான்று.

உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இலேயே தடைசெய்துவிட்டது. மகிழ்ச்சி வகுப்பு கேட்பவர்கள் முதலில் அந்தப் பிரிவை ஒவ்வொரு வகுப்பறையிலும் நடைமுறைக்குக் கொண்டுவரட்டும். மதிப்பெண்ணைப் பார்த்து 'ஏ' செக்‌ஷன், 'டி' செக்‌ஷன் என்று பிரிப்பதை நிறுத்தட்டும். பிறகு அந்தப் பாடவேளையைக் கேட்கட்டும்.