வானொலி மெல்லிசைக் கலவை: ஒரு விமர்சன நோக்கு

தமிழிலே இசை பற்றிய விமர்சனம் பெரும்பாலும் பாடகரையோ, பாடலையோ, இராகத்தையோ பொருளாகக் கொண்டு அமைவது. ஒரு பாடலுக்குப் பின் எந்தப் பாடல் ஒலிக்கவேண்டும், இரண்டிற்குமிடையே மௌனம் எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்பன விமர்சகனின் கவனத்திற்கு உரியனவாகக் கருதப்பட்டதில்லை. அவை நிலையத்து அலுவலரின் அன்றாட வேலை என்றே விடப்பட்டுள்ளன. ஆயின் வானொலி என்னும் சாதனம் தோன்றியபின் பெரும்பாலான மக்கள் இசையை அறிந்தது தனிப்பாடலாக அன்று, கலவையாகவே அறிந்தனர். எனவே கலவையையே ஓர் ஆக்கமாகக் கொண்டு, அதன் உறுப்புகளையும் நோக்கத்தையும் ஆராய்வது பொருத்தமுடையதாகும். இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, 1960களிலும் 1970களிலும் ஐக்கிய அமெரிக்காவிலே செழித்த 'எளிதிற் கேட்கும் இசை' நிலையங்கள். 'அழகிய இசை' என்பது அத்துறையினர் அவற்றுக்கு வழங்கிய பெயர்.

கவனிக்கப்படாமல் இருப்பதற்கென்றே இசையமைக்கும் எண்ணம் வானொலிக்கு முந்தியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சட்டி 1920ஆம் ஆண்டு பாரிஸிலே ஓர் ஓவியக் கூடத்தில், நாடக இடைவேளையில் தமது 'தளபாட இசை'யை வாசிக்கச் செய்தார். நாற்காலியும் மேசையும் அறையில் இருப்பதுபோல இசையும் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் வாத்தியங்கள் ஒலிக்கத் தொடங்கியதும் கூடியிருந்தோர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தலைப்பட்டனர். சட்டி அவர்களிடையே சென்று, பேசுங்கள், நடமாடுங்கள், கேளாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். பயனில்லை. கேட்கப் பழகிய மனிதரைக் கேளாதிருக்கச் செய்வது ஓர் இசையமைப்பாளராற் கூடவில்லை. அதனை ஒரு வணிக அமைப்பே பின்னர் செய்துமுடித்தது.

அமெரிக்கப் படைத்துறையின் ஓய்வுபெற்ற அதிகாரியான ஜோர்ஜ் ஓவன் ஸ்குவயர் 1934இல் தமது கம்பிவழி ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 'மியூசாக்' எனப் பெயரிட்டார். பின்னாளில் அந்நிறுவனம் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இசையைப் பதினைந்து நிமிடக் கூறுகளாக வழங்கியது. ஒவ்வொரு கூற்றிலும் வேகமும் வாத்தியச் செறிவும் படிப்படியாக ஏறும்; பின்னர் பதினைந்து நிமிடம் மௌனம். தொழிலாளியின் சோர்வைக் கணித்து அதற்கெதிராக இசையை நிறுத்துவதே இத்திட்டம். பிரித்தானியாவிலும் போர்க்காலத்தில், 1940இல், பி.பி.சி. 'வேலையோடு இசை' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. கைதட்டும் இடங்களையுடைய ஓர் அமெரிக்கப் பாடல் அதிலே விலக்கப்பட்டது. தொழிலாளர் கையிலுள்ள கருவிகளைப் போட்டுவிட்டு, அல்லது அக்கருவிகளைக் கொண்டே, தாளம் தட்டத் தொடங்கிவிடுவர் என்ற அச்சமே காரணம். இசை நல்லதாயிருப்பது அங்கே குற்றமன்று. கேட்பவனைப் பங்குகொள்ளத் தூண்டுவதே குற்றம்.

அழகிய இசை நிலையங்கள் இவ்வேலைத்தளப் பயிற்சியை வீட்டிற்குள்ளும் மோட்டார் வண்டிக்குள்ளும் பல் மருத்துவரின் காத்திருப்பறைக்குள்ளும் கொணர்ந்தன. இதற்குத் தொழில்நுட்பமும் சட்டமும் துணைநின்றன. 1961இல் பண்பலையில் இருவழி ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்தது. 1960களின் நடுப்பகுதியில், பெருநகரங்களிலே மத்திய அலையும் பண்பலையும் ஒருங்கே வைத்திருந்தோர் இரண்டிலும் ஒரே நிகழ்ச்சியை முழுநேரமும் ஒலிபரப்புவதைத் தொடர்பாடல் ஆணைக்குழு தடுத்தது. திடீரெனப் பல அலைவரிசைகளை எதைக்கொண்டேனும் நிரப்பவேண்டிய நிலை உரிமையாளருக்கு ஏற்பட்டது. ஆட்செலவு குறைந்த, ஒலிநாடாவிலிருந்து தானியங்கியாக ஒலிக்கக்கூடிய இசையே அவர்களுக்கு உகந்ததாயிற்று. ஜிம் ஷூல்கி போன்றோர் நாடெங்குமுள்ள நிலையங்களுக்கு ஆயத்தமான நாடாக்களை வழங்கினர். ஓர் ஊரின் நிலையம் என்று எண்ணிக் கேட்டவர், உண்மையில் தொலைதூரத்து அறையொன்றில் எவரோ முன்னரே கோத்துவைத்த வரிசையையே கேட்டார்.

அவ்வரிசையின் இலக்கணம் நுணுகி நோக்கத்தக்கது. அடிப்படை அலகு பாடலன்று, கால்மணி நேரம். நேயர் தொகையைக் கணக்கிட்ட ஆர்பிட்ரன் நிறுவனம், ஒரு கால்மணிக்குள் ஐந்து நிமிடமேனும் கேட்டவரையே அக்கால்மணியின் நேயராகக் கொண்டது. ஆகவே வானொலியை மூடத் தூண்டும் எதுவும், கால்மணி மாறும் வேளையில் வருதலாகாது. விளம்பரங்கள் சிலவாக, திரட்டாக, அளந்த இடங்களில் வந்தன. அறிவிப்பாளர் மிகக் குறைவாகவே பேசினார். பாடலின் பெயரும் வாசித்தோர் பெயரும் பெரும்பாலும் சொல்லப்படவில்லை. வாத்திய இசையே மிகுதி. இடையிடையே ஒரு குரற்பாடல், அதுவும் கூட்டுக்குரலாயின் நன்று. ஷூல்கியின் முறையிலே ஒரு பாடலின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் மனநிலையாலும் வேகத்தாலும் பொருந்துமாறு இணைக்கப்பட்டன. தனிப்பாடல் ஒன்று எவ்வளவு அழகாயிருப்பினும், அயலிலுள்ளவற்றோடு ஒத்துப்போகாவிடின் அதற்கு இடமில்லை.

ஒரு விதியின்படி பாடல்களை வரிசைப்படுத்துவது தன்னளவிற் கலைக்கு மாறானது என்று கூறிவிட முடியாது. தமிழ் மாணவர் அறிந்த எடுத்துக்காட்டே போதும். அகநானூற்றைத் தொகுத்தவராகக் கூறப்படும் உருத்திரசன்மனார், ஒற்றையெண் பெற்ற பாடல்கள் யாவும் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல் என அமைத்தார். நானூற்றில் இருநூறு பாலை, எண்பது குறிஞ்சி, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது. இன்றைய வானொலி நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வரையும் மணிவட்டத்துக்கும் இதற்கும் புற அமைப்பிலே வேறுபாடு குறைவு. எனினும், அகநானூற்றில் ஒரு பாலைக்கும் மறு பாலைக்குமிடையே வேறு திணை குறுக்கிடுகிறது. பிரிவிலிருந்து புணர்ச்சிக்கோ ஊடலுக்கோ தாவவேண்டிய நிர்ப்பந்தம் படிப்போனுக்கு உண்டாகிறது. அத்தாவலே அவனை விழிப்பாக வைத்திருப்பது. பாடினோர் பெயரும் பெருமளவிற் பேணப்பட்டுள்ளது. அழகிய இசைக் கலவையோ தாவலை ஒழிப்பதையே திறமையாகக் கொண்டது. பெயரையும் அது துறந்தது.

கர்நாடக இசைக் கச்சேரியும் ஒரு கலவையே. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் நிலைபெறச் செய்த முறையிலே வர்ணத்திற் தொடங்கி, சிறு கீர்த்தனைகள் வழியாக ஏறி, விரிவான இராக ஆலாபனையும் பல்லவியும் நடுவே நின்று, துக்கடாக்களோடு இறங்குகிறது. இறுதியில் வரும் மெல்லிய உருப்படிகள் இனிப்பது, முன்னர் கடினமானது ஒன்று கேட்கப்பட்டமையாலேயாம். துக்கடாவை மட்டும் நாள் முழுவதும் ஒலிக்கச் செய்தால் அது எதற்குப் பின் வரும் ஓய்வு? அழகிய இசை நிலையத்தின் அடிப்படைக் குறை இங்கேதான் உள்ளது. மென்மை அதன் குறையன்று. மென்மை எதனோடும் உறவின்றி நிற்பதே குறை.

இக்கலவையிற் சேர்ந்த பொருள்கள் யாவும் மலிவானவை என்ற முடிவுக்கு விமர்சகர் சிலர் விரைந்து வந்தமை நியாயமற்றது. மன்டோவானியின் குழு 1951இல் வெளியிட்ட 'ஷார்மெய்ன்' என்னும் இசைத்தட்டை உற்றுக்கேட்போர் இதனை உணர்வர். அதற்கு வாத்திய அமைப்புச் செய்தவர் றொனால்ட் பிஞ்ச். வயலின்களைப் பல பிரிவாக்கி, மெட்டின் ஒவ்வொரு சுரத்தையும் வெவ்வேறு பிரிவு ஏந்தி நீட்டுமாறு அவர் எழுதினார். ஒரு சுரம் மறையுமுன் அடுத்தது அதன்மேல் விழ, பேராலயத்து எதிரொலிபோன்ற நீர்வீழ்ச்சி எழுகிறது. எதிரொலிக் கருவியின் வேலையன்று அது. ஏட்டில் எழுதப்பட்ட இசை நுட்பம். பேர்சி ஃபெயித்தின் 'சமர் பிளேஸ்' கருப்பொருள் 1960இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் ஒன்பது வாரங்கள் நின்றது. அதனை வாங்கிய மக்கள் கேளாதிருப்பதற்காக வாங்கினர் என்று கொள்வதற்கில்லை. தனி இசைத்தட்டாக அது கேட்கப்பட்டது. நிலையத்தின் வரிசைக்குள் நுழைந்தபின்னரே சுவர்க்கடதாசி ஆயிற்று. பண்டத்தின் தன்மையை அது வைக்கப்படும் இடம் மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சொல்லிழப்பு மற்றொரு செய்தி. 1966இல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'எலினோர் றிக்பி' தனிமையிலே இறந்து, எவருமின்றிப் புதைக்கப்படும் ஒரு பெண்ணைப் பற்றியது. மூலப்பதிவிலேயே கித்தாரும் முரசும் இல்லை. ஜோர்ஜ் மார்டின் அமைத்த எட்டுத் தந்தி வாத்தியங்களே பின்னணி. அவை கூர்மையாக, வெட்டுவனபோல் வாசிக்கப்பட்டன. இப்பாடலைப் பின்னர் பல வாத்தியக் குழுக்கள் சொல்லின்றி வாசித்தன. தந்தி வாத்தியம் அதே தந்தி வாத்தியந்தான். ஆயினும் கல்லறையும் பாதிரியாரும் போய்விட்டனர். தேநீர்க்கடை மேசையருகே அது இன்பமாக ஒலிக்கும். கேட்பவனுக்கு இடர் தரும் எதனையும் அகற்றுவது என்னும் கொள்கை, பிறருடைய இடரைக் கேட்கும் வாய்ப்பையும் சேர்த்தே அகற்றிவிடுகிறது.

தியோடர் அடோர்னோ 1938 முதல் சில ஆண்டுகள் பிரின்ஸ்ரன் வானொலி ஆய்விற் பணியாற்றியவர். வானொலி கேட்போரின் செவி பின்னடைவுற்றது என்றும், முழு ஆக்கத்தை விடுத்து இனிய துணுக்குகளையே அது பொறுக்கிக்கொள்கிறது என்றும் அவர் வாதிட்டார். அவரது வாதத்தை இந்நிலையங்களுக்கு அப்படியே பொருத்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். துணுக்கைப் பொறுக்குவதற்கும் ஒரு கவனம் வேண்டும். அழகிய இசைக் கலவையிலே பொறுக்குவதற்கென்று எதுவும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. அடோர்னோ அஞ்சியதற்கும் அப்பாலான நிலை இது. அதேவேளை, களைத்து வீடு திரும்புபவரும் இரவெல்லாம் கண்விழித்துக் கடமைசெய்பவரும் பிறிதோர் ஒலியின் துணையை நாடுவதை இகழும் உரிமை எந்த அழகியலாளருக்கும் இல்லை. தாலாட்டும் ஏற்றப்பாட்டும் கவனித்துக் கேட்பதற்காகப் பிறந்தவையல்ல. ஆனால் அவற்றைப் பாடியவர் கேட்பவரை அறிந்தவர். அல்லது கேட்பவரே பாடியவர்.

இவ்விடத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை எதிர்நிலையில் வைத்து நோக்குவது பயனுடையது. 1950இல் அச்சேவை தொடங்கியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல் ஏறத்தாழ மறைந்துபோக, அதனை நாடிய நேயர் கொழும்பின் சிற்றலைக்குத் திரும்பினர். அமீன் சயானி பம்பாயிலே பதிவுசெய்த 'பினாக்கா கீத்மாலா' நாடாக்கள் கொழும்பிலிருந்தே இந்தியாவெங்கும் ஒலித்தன. 1957இல் இந்தியா 'விவித பாரதி'யைத் தொடங்கவேண்டியதாயிற்று. தமிழ்ச் சேவையிலே எஸ். பி. மயில்வாகனன் முதல் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் வரையிலான அறிவிப்பாளர்கள் தமிழகத்திலும் வீட்டுப் பெயர்களாயினர்.

இதுவும் மெல்லிய பொழுதுபோக்கே. இதுவும் விளம்பரக்காரரின் பணத்தால் நடந்ததே. பினாக்கா என்பது பற்பசையின் பெயர் என்பதை எவரும் மறைக்கவில்லை. ஆயினும் கலவையின் பிணைப்பு வேறானது. அமெரிக்க நிலையம் பாடல்களை ஒன்றோடொன்று பசையிட்டு ஒட்டியது. கொழும்பு நிலையம் அவற்றிடையே ஒரு மனிதக் குரலை வைத்தது. படம் எது, பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று அக்குரல் கூறிற்று. விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் நீண்ட நிரலாக வாசிக்கப்பட்டன. அந்நிரல் சலிப்பூட்டுவது என்று நகைத்தோர் உண்டு. சலிப்பூட்டியது உண்மை. ஆனால் அதனால்தான் ஒரு சோகப்பாடலுக்குப் பின் ஒரு துள்ளல் பாடல் வருவது சகிக்கத்தக்கதாயிற்று: இதனை விரும்பியவர் ஒருவர், அதனை விரும்பியவர் இன்னொருவர். தாவலுக்கு ஆள்கள் பொறுப்பாயினர். அமெரிக்கக் கலவையில் எவரும் எதற்கும் பொறுப்பல்லர்.

கொழும்புக் கலவையின் பலவீனம் வேறிடத்திற் கிடந்தது. அதன் மூலப்பொருள் பெரும்பாலும் கோடம்பாக்கத்திலிருந்தே வந்தது. 1970களில் இந்நாட்டுக் கவிஞரும் இசையமைப்பாளரும் ஆக்கிய மெல்லிசைப் பாடல்கள் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் ஒலித்தன. பொப் இசைப் பாடல்களும் எழுந்தன. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து பரவிற்று. ஆயினும் நேயரின் விருப்ப நிரலில் திரைப்பாடலோடு அவை சமநிலை எய்தவில்லை. திரைப்பாடலுக்குப் பின்னே ஒரு படமும் நடிகரும் கதையும் நின்று, அதனை நினைவூட்டிக்கொண்டிருந்தன. உள்ளூர் மெல்லிசைக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. பெயரைச் சொல்லும் அறிவிப்பாளர் மட்டுமே அதற்குத் துணை.

அமெரிக்க நிலையங்களின் வீழ்ச்சி இசைக் காரணத்தால் நேர்ந்ததன்று. 1980களில் அவற்றுக்கு நேயர் குறைவில்லை. நேயரின் வயதே அதிகம். இருபத்தைந்துக்கும் ஐம்பத்துநான்குக்கும் இடைப்பட்டோரையே விளம்பரக்காரர் வேண்டினர். முதியோரை விரும்பாத பணத்துக்காக வயலின்கள் ஒவ்வொரு நிலையமாக வெளியேற்றப்பட்டன. மென்மையான குரற்பாடல்கள் அவ்விடத்தைப் பிடித்தன. நேயரை அமைதிப்படுத்துவதே தமது பணி எனக் கூறிவந்தவை, அமைதி மிகவும் தேவைப்பட்ட வயதினரையே முதலிற் கைவிட்டன. கால்மணிக் கணக்கு மட்டும் மாறவில்லை. ஆர்பிட்ரனை வாங்கிய நீல்சன் நிறுவனம் அதனைத் தொடர்ந்து கையாண்டது. கருவிகொண்டு அளக்கப்படும் நகரங்களில், நேயராக எண்ணப்படுவதற்கு வேண்டிய ஐந்து நிமிடம் 2025இல் மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது.