மீள்பார்வையும் விருப்பமும்: வீட்டில் மீண்டும் பார்க்கப்படும் தமிழ்த் திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

சித்திரைப் புத்தாண்டையொட்டி அலுவலகங்களும் கல்விக்கூடங்களும் மூடப்படும் வாரத்தில் எமது வீடுகளில் நிகழும் செயல்களுள் ஒன்று, பழைய திரைப்படங்களை மீண்டும் பார்த்தலாகும். கதையும் முடிவும் முன்னரே தெரிந்த, வசனங்கள் மனப்பாடமாகிவிட்ட படங்களையே அவ்வேளையில் பலரும் நாடுகின்றனர். இதனைப் பொழுதுபோக்குப் பற்றிய சிறு விடயமென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஒரு சமூகம் எவற்றை மீண்டும் மீண்டும் பார்க்கின்றது, எங்கிருந்து பார்க்கின்றது, பார்க்கும்போது எவற்றைத் தாண்டிச் செல்கின்றது என்னும் வினாக்கள் அச்சமூகத்தின் கருத்துநிலையோடு நெருங்கிய தொடர்புடையன. வீட்டிலே நிகழும் மீள்பார்வை, கொட்டகை உருவாக்கிய கூட்டுப் பார்வையைச் சிதைத்துள்ளது. அதேவேளை, கொட்டகை தராத ஒரு விமர்சன வாய்ப்பையும் அது திறந்துவிட்டுள்ளது. அவ்வாய்ப்பு தானாகக் கைகூடுவதன்று என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

1

தமிழ்ச் சினிமாவின் சமூக முக்கியத்துவத்தை ஆராய்ந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி, 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் ஓர் அடிப்படையான உண்மையைச் சுட்டினார். தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதலாவது ஆற்றுகைக் களம் சினிமாக் கொட்டகையே. அங்கே இருக்கை வரிசையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, வாங்கும் சக்தியே என்பது அவர் கருத்து. நிலவுடைமைச் சமூகத்தின் படிநிலையைச் சந்தை ஓரளவு தகர்த்த இடமாகக் கொட்டகை அமைந்தது. முதலாளித்துவத்தின் முற்போக்கான பணியும் அதன் எல்லையும் இவ்வொரு நிகழ்விலேயே தெளிவாகின்றன.

இக்கருத்தை வீட்டுப் பார்வைக்கு நீட்டிப் பார்ப்பது பயனுடையது. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. எண்பதுகளில் வீடியோ டெக் பரவியது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, மின்சாரமில்லாத இடங்களில் ஜெனரேற்றரையும் இயக்கி, விடியவிடிய மூன்று நான்கு படங்களை முற்றத்தில் ஓட்டும் வழக்கம் உண்டாயிற்று. தோற்றத்தில் இது கொட்டகையின் தொடர்ச்சியே. ஆயினும் கொட்டகையில் அமரும் உரிமையைக் கட்டணம் தந்தது. முற்றத்தில் அமரும் உரிமையை வீட்டுக்காரரின் சம்மதமே தந்தது. யார் விறாந்தையில் அமர்வது, யார் பாயில் அமர்வது, யார் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது என்பவற்றை உறவும் சாதியும் மீண்டும் தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. தொழில்நுட்பம் முன்னேற, பார்வையாளரின் சமூக உறவு பின்னோக்கிச் சென்றது. இம்முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது.

இன்று கைத்தொலைபேசியும் இணையமும் முற்றத்தையும் கலைத்துவிட்டன. ஒரே வீட்டில் நால்வர் நான்கு படங்களைப் பார்க்கின்றனர். விடுமுறையும் எல்லோருக்கும் ஒரே தன்மையதன்று. நாட்கூலிக்கு உழைப்போர்க்கு அது கூலியற்ற வாரமாகும். வீட்டுப் பெண்களுக்கோ பலகாரமும் விருந்தும் சேர்ந்து வேலை பெருகும் வாரமாகும். குடும்பம் கூடியிருந்து பார்க்கும் படத்தை அடுப்படியிலிருந்து காதால் கேட்பவர் யார் என்பதை ஆராயாது, ‘குடும்பம் படம் பார்க்கின்றது’ எனப் பொதுப்படக் கூறுதல் உழைப்புப் பிரிவினையை மறைப்பதாகவே முடியும்.

2

அடோர்ணோ 1969இல் ஓய்வு நேரம் பற்றி ஆற்றிய உரையில், ஓய்வு தனக்கு எதிரான உழைப்போடு விலங்கிடப்பட்டிருப்பதாக வாதிட்டார். ஆயினும், மக்கள் தாம் நுகர்வதை முழுமையாக நம்பிவிடுவதில்லை என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். முடிவு தெரிந்த படத்தைப் பார்ப்பவரிடம் இவ்விரட்டை மனநிலை கூர்மையடைகின்றது. ‘அடுத்து என்ன நடக்கும்’ என்ற ஆவல் நீங்கியபின், ‘இது எவ்வாறு நடக்கும்படி செய்யப்படுகின்றது’ என்று நோக்க இடமுண்டாகின்றது. கடந்த விடுமுறை வாரத்தில் நாம் வீட்டிலிருந்து மீண்டும் பார்த்த, எமது விருப்பத்துக்குரிய மூன்று படங்களை இவ்வகையில் நோக்கலாம்.

கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, மு. கருணாநிதியின் வசனத்தோடு 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது ‘பராசக்தி’. இதனை மீண்டும் பார்ப்போர் பெரும்பாலும் நீதிமன்றக் காட்சியையே நாடுகின்றனர். வீட்டுக் கருவி அதற்கு வசதி செய்கின்றது. விரலசைவில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டலாம். தாண்டப்படும் பகுதியிலேதான் அக்காட்சிக்கான பொருளியல் அடித்தளம் உள்ளது. ரங்கூனிலே பொருளீட்டிய சகோதரர் மூவர், யுத்தத்தினாற் சிதறும் குடும்பம், மதுரையில் கணவனையும் தந்தையையும் இழந்து இட்டலிக் கடை வைக்கும் கல்யாணி ஆகியோரின் கதை, குடியேற்றவாதப் பொருளாதாரமும் உலக யுத்தமும் தமிழ் நடுத்தரக் குடும்பத்தை உலுக்கியமையின் கதையாகும். யுத்தத்தில் காலை இழந்த ஞானசேகரன் பிச்சைக்காரரை ஒரு சங்கமாகத் திரட்டுகின்றான். உடைமையற்றோர் அமைப்பாகும் சாத்தியத்தைப் படம் தொட்டுக்காட்டும் இடம் இதுவே. ஆனால் நினைவில் நிற்பது தனிமனிதனின் நாவன்மையே.

தீர்வு எவ்வாறு அமைகின்றது? குற்றஞ்சாட்டப்பட்ட கல்யாணியை விசாரிக்கும் நீதிபதி அவளது மூத்த சகோதரன். ஆற்றில் எறியப்பட்ட குழந்தை உயிருடன் கிடைக்கின்றது. கோயிலையும் கள்ளச்சந்தையையும் அத்துணை வன்மையாகச் சாடிய படம், அரசின் நீதியைக் குடும்ப பாசமாக மாற்றி, அறச்செயலில் அமைதி காண்கின்றது. நீதிமன்றக் காட்சியை மாத்திரம் பார்ப்பவர் கலகத்தைப் பார்க்கின்றார். முழுமையாகப் பார்ப்பவர் அக்கலகம் எவ்வாறு சமரசமாக முடிக்கப்பட்டது என்பதைக் காண்கின்றார்.

3

1965ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ முந்திய ஆண்டுத் தெலுங்குப் படமொன்றின் தமிழாக்கமாகும். சாணக்யா இயக்கிய இப்படத்தில் ம. கோ. இராமச்சந்திரன் அஞ்சி ஒடுங்கும் ராமுவாகவும் துணிந்து நிற்கும் இளங்கோவாகவும் தோன்றுகின்றார். சொத்துக்காக ராமுவைச் சவுக்கால் அடிக்கும் மைத்துனனை, ஆள்மாறி வந்த இளங்கோ அதே சவுக்கால் அடிக்கும் காட்சி கொட்டகையைக் குலுக்கியது. வீட்டில் விசில் இல்லை, கைதட்டல் இல்லை. அவ்வமைதியிலே சில விடயங்கள் புலனாகின்றன. சவுக்குக் கை மாறுகின்றது, மாளிகை மாறுவதில்லை. ஏழைகளின் துணிவுக்குக் குறியீடாக வந்தவன் அம்மாளிகையின் இன்னொரு வாரிசே என வெளிப்படுகின்றது. கொடியவன் திருந்துகின்றான், சொத்துறவு திருத்தப்படாமலே நிற்கின்றது.

எனினும், அக்கைதட்டலைப் பேதைமையென எள்ளுதல் இயந்திரப் பாங்கான மார்க்சியமாகும். சவுக்கடி பட்ட அனுபவமுடைய ஒரு வர்க்கம், அச்சவுக்குத் திரும்பும் கணத்தை உரத்து வரவேற்றது. அவ்வரவேற்பில் உண்மையான கோபம் இருந்தது. அக்கோபத்தைப் படம் எழுப்பி, உடனேயே குடும்பத்துள் அடக்கிவிட்டது. திரைப்படத்தை மக்கள் கூட்டமாக ஏற்கும் கலையாகக் கண்ட வால்ரர் பெஞ்சமின், அதனிடம் விமர்சன நோக்கையும் இன்பத்தையும் ஒருங்கே எதிர்பார்த்தார். எமது வரலாற்றில் இவை இரண்டும் பிரிந்து நிற்கின்றன: இன்பமும் கோபமும் கொட்டகையில் இருந்தன, நிதானமான நோக்கு வீட்டில் உள்ளது.

4

முதற் பார்வையிலும் மறுபார்வையிலேயே முழுமையடையும் படம் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). புதுமைப்பித்தனின் ‘சிற்றன்ன’யிலிருந்து கருவைப் பெற்றபோதிலும் இது தனித்ததொரு படைப்பாகும். ஊரிலே பள்ளிக்கூடத்தை நடத்தும் செல்வாக்குள்ள சுந்தரவடிவேலு, நோயுற்ற மனைவி லட்சுமியை வதைத்து, அவள் தங்கையையும் தன் உடைமையாக்க முயல்கின்றான். இறுதியில் ஊரார் அவனை ஆற்றங்கரைக்கு இட்டுச்சென்று, அவன் தானே நீரில் இறங்கி மடியச் செய்கின்றனர். அவர்களையும் தன்னைப் போல் ஆக்கிவிட்டமையே தனது பெருந்தவறென அவன் சொல்லிச் செல்கின்றான்.

முதன்முறை பார்ப்பவர் அம்முடிவின் அதிர்ச்சியில் நின்றுவிடுகின்றார். முடிவை அறிந்து மீண்டும் பார்ப்பவரோ தொடக்கம் முதலே ஊராரைக் கவனிக்கின்றார். இறுதியில் நீதி வழங்கும் அதே ஊர், அதுவரை அவன் அதிகாரத்துக்குப் பணிந்து மௌனமாக இருந்துள்ளது. கொடுமை ஒருவனது குணக்கேடாகத் தோன்றும் படம், மறுபார்வையில் அதிகாரத்தைத் தாங்கிநின்ற மௌனத்தைப் பற்றிய படமாகின்றது. ஆற்றோரத்தில் எஞ்சி நிற்கும் இரு குழந்தைகளுக்கு ஊரின் நீதி எதனையும் தரவில்லை. முன்னைய இரு படங்களும் குடும்பத்தைக் கூட்டி முடிய, இப்படம் குடும்பத்தையே தீர்வாகக் காட்ட மறுக்கின்றது. அதன் யதார்த்தத்தின் வலிமை இங்கேதான் உள்ளது.

5

இம்மூன்று படங்களும் தமிழகத்தில் உருவானவை. விடுமுறை வாரத்தில் ஈழத்தவராகிய நாம் மீண்டும் பார்க்கும் ‘எமது’ படங்கள் ஏறத்தாழ முற்றாகவே அத்தகையனவாயிருப்பது தற்செயலன்று. 1962இல் ‘சமுதாயம்’ முதலாக இங்கு தமிழ்ப் படங்கள் தயாரிக்கப்பட்டன. ‘குத்துவிளக்கு’ (1972), சாதியத்தை யாழ்ப்பாண மண்ணிலேயே வைத்து நோக்கிய தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) ஆகியன எமது வாழ்வைத் திரையிற் கொணர முயன்றவை. தென்னிந்தியப் பெருமூலதனத்தின் சந்தையோடு அவை போட்டியிட இயலவில்லை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது, இந்நாட்டுப் படங்கள் பலவற்றின் மூலப்பிரதிகளும் அழிந்தன.

ஒரு படம் விருப்பத்துக்குரியதாக மாறுவதற்கு அது மீண்டும் பார்க்கக் கிடைத்தல் வேண்டும். கிடையாத படத்தின்மீது சுவை வளர்வதில்லை. சுவை வளராத படத்தைப் பேணுவாருமில்லை. ‘விருப்பம்’ எனத் தனிமனித உள்ளத்துக்குரியதாய்த் தோன்றுவதன் பின்னால் மூலதனம், சந்தை, இனவன்முறை, பேணாமை ஆகியன நிற்கின்றன. எஞ்சியுள்ள பிரதிகளைத் தேடித் தொகுத்து, திருத்தி, பொதுவிற் காட்சிப்படுத்தும் பணியைப் பல்கலைக்கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஏற்றல் வேண்டும்.

மீள்பார்வையைப் பொறுத்தமட்டில், வேண்டப்படுவது இரண்டே. முதலாவது, காட்சித் துணுக்குகளாகப் படத்தை நுகராது முழுமையாகப் பார்த்தல். இரண்டாவது, வீட்டிலே தனித்தனியாகப் பெற்ற நோக்கை வாசிகசாலையிலும் வகுப்பறையிலும் தொழிற்சங்க மண்டபத்திலும் கூடிப் பார்த்துக் கலந்துரையாடும் கூட்டத்துக்குக் கொண்டுசெல்லல். எந்த வேலிக்கு வெளியேயும் எவரையும் நிறுத்தாத அத்தகைய கூட்டத்திலேதான், கொட்டகையில் எழுந்த கோபமும் வீட்டில் வாய்த்த நிதானமும் ஒன்றையொன்று சந்திக்க முடியும்.