மீட்டருக்கு எத்தனை டெசிபல்? ஒற்றை எண்ணின் போதாமை

வைஃபை கவரேஜைக் கணிக்கும் மென்பொருள்களில் ஒரு குறுக்குவழி உண்டு. ஃப்ளோர் பிளான்ல ஒவ்வொரு சுவரையும் வரையப் பொறுமை இல்லையா? ஒரு பகுதியை மொத்தமா வளைச்சு, ‘இதுக்குள்ள மீட்டருக்கு இத்தனை டெசிபல் இழப்பு’ன்னு ஒரு எண் கொடுத்தால் போதும். அந்தப் பகுதிக்குள் சிக்னல் போகும் தூரத்தை அந்த எண்ணால் பெருக்கிக் கழித்துவிடும். வேகமான கணக்குதான். ஆனால் சிக்னல் நேர்கோட்டில்தான் போகும், எந்தத் திசையில் போனாலும் இழப்பு ஒன்றே என்ற இரண்டு அனுமானங்கள் அதில் ஒளிந்திருக்கின்றன.

முதலில் திசை. சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபமான ராஜசபையை மனசுல வச்சுப் பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. கல்தூண் அதைவிடப் பருமன் என்பதால் அதன் பின்னால் நிழல் விழும். தூண் வரிசைகளுக்கு நடுவே தெரு மாதிரி திறந்த வழி இருக்கும். சாய்வாகப் போனால் தூணுக்குப் பின் தூண். சராசரி எண் ரெண்டுக்கும் பொருந்தாது.

அடுத்து தூரம். மரங்களுக்கு இடையே ஏற்படும் இழப்புக்கு வெய்ஸ்பெர்கர் 1982-ல் தந்த சூத்திரத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸில் முதல் 14 மீட்டருக்கு சுமார் 8 டெசிபல். அதே வீதத்தில் போனால் 100 மீட்டருக்கு 58 வரணும். சூத்திரம் சொல்வதோ சுமார் 26 தான். சிதறியும் சுற்றியும் அலை வேறு வழி கண்டுபிடித்துவிடுகிறது. அந்த எண்கள் மிதவெப்ப நாட்டு மரங்களுக்கானவை. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பாடம் பொது: இழப்பு தூரத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை.

இப்போ வீட்டுக்கு வருவோம். கடலூர் முதுநகர் பக்கம் இருக்கும் பழைய முற்றம் வச்ச வீடு ஒன்றை எடுத்துக்கலாம். ரேழியில் ரவுட்டர், 12 மீட்டர் தள்ளி இரண்டாம் கட்டில் ஒரு அறை. நடுவில் மூணு சுவர், சுவருக்கு 6 டெசிபல்னு வச்சா இழப்பு 18. முற்றம் வழியாகச் சுற்றினால் 16 மீட்டர். கூடுதல் தூரத்துக்கு 2.5, ரெண்டு திருப்பத்துக்கும் சேர்த்து 8 என்று வைத்தாலும் 10.5 தான். அந்த அறைக்குச் சரியாக வரும்படி எண்ணைத் திருத்தினால், மீட்டருக்கு 0.9 டெசிபல் வரும். அதே எண்ணை வைத்து, முற்றத்தைத் தொடாமல் ரெண்டு சுவர் தாண்டி 5 மீட்டரில் இருக்கும் பக்கத்து அறையைக் கணக்கிட்டால் 4.5 காட்டும். உண்மையில் 12 போகும்.

ஒரு அறையில் தப்பு மேலே, இன்னொன்றில் கீழே. சராசரிப் பிழை மட்டும் அழகாக இருக்கும்! அப்படிப்பட்ட வீட்டைக் கிளினிக்காகவோ டியூஷன் சென்டராகவோ மாற்றுகிறவர் கலர் வரைபடத்தை நம்பித்தான் காசு போடுகிறார். சிவப்பு காட்டிய இடத்தில் தேவையில்லாத ஆக்சஸ் பாயின்ட், பச்சை காட்டிய அறையில் சிக்னல் கிடையாது.

சுவர்களை எண்ணும் மாடலும் நேர்கோட்டைத்தான் நம்புகிறது. அதனால்தான் 1990-களிலேயே வோல்ஃப்லே, லாண்ட்ஸ்டோர்ஃபர் இருவரும் ‘முதன்மைப் பாதை’ என்ற அணுகுமுறையைக் கொண்டுவந்தார்கள்: இழப்பு குறைந்த வழியைத் தேடி, அதை மட்டும் கணக்கிடுவது.

பகுதி மாடலைத் தூக்கிப் போடச் சொல்லலை. சாமான் ஒழுங்கில்லாமல் நிரம்பிய குடோனுக்கு அது போதும். ஆனால் முற்றத்தை அந்த வளையத்துக்குள் சேர்க்காதீங்க. எண்ணை முடிவு செய்யும் முன் குறைந்தது ரெண்டு திசையில் அளந்து பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, அந்த இடத்துக்கு ஒற்றை எண் கிடையாது.