நாலாம் தோலுக்கு ஏது தேதி?

செல்போனில் எதையாவது குறித்துவைக்கலாம் என்று போனால், முதலில் அது நம்மை விசாரிக்கிறது. இது நிகழ்ச்சியா, வேலையா, வெறும் குறிப்பா? நிகழ்ச்சி என்றால் காலண்டர், வேலை என்றால் டாஸ்க் லிஸ்ட், குறிப்பு என்றால் நோட்ஸ். ரேஷன் கடையில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தனித்தனி க்யூ மாதிரி. 'பர்சனல் இன்ஃபர்மேஷன் மேனேஜர்' என்ற கனமான பெயரில் சுமார் நாற்பது வருஷமாக வந்துகொண்டிருக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன.

கேள்வியே தப்பு என்பது என் கட்சி. சாட்சிக்கு, தர்மபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கூப்பிடுகிறேன்.

பட்டுப்புழு, முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டத் தொடங்க ஏறத்தாழ 25 நாள். அதற்குள் நான்கு முறை தோலுரிக்கும். இளம்புழு வளர்ப்பு மையத்தில் வாங்குகிறவர்களுக்கு இரண்டாம் தோல் முடிந்த புழு கைக்கு வரும். தோலுரிக்கும்போது அது சாப்பிடாது. இலை போடக் கூடாது. நாலாம் தோல் முடிந்ததும் அகோரப் பசி. ஆயுளில் தின்னும் இலையில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் அந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான். பிறகு கூடு கட்ட சந்திரிகை என்கிற தட்டி தயாராக இருக்க வேண்டும். கூட்டைப் பிரித்து தர்மபுரி ஏல அங்காடிக்குக் கொண்டுபோனால் காசு. நடுவில் குளிர் அடித்தால் எல்லாமே ஓரிரு நாள் தள்ளிப்போகும்.

ஒரு விவசாயி நோட்டில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'நாலாம் தோல் முடிஞ்சு ஏழாம் நாள் சந்திரிகை வேணும். பத்தலேன்னா மச்சான்கிட்ட கேக்கணும். போன தடவை கடைசி ரெண்டு நாள் இலை இல்லாம அல்லாடினோம்.'

முதல் வாக்கியம் நிகழ்ச்சி, இரண்டாவது வேலை, மூன்றாவது குறிப்பு. மூன்றையும் பிரித்தால் அர்த்தம் போய்விடும். மச்சானிடம் எதற்காகக் கேட்க வேண்டும் என்பதே மறந்துவிடும். அதைவிட, இதில் தேதியே கிடையாது! ஆப் விடாது, தேதி கொடு என்கும். 14 என்று உத்தேசமாகப் போடுவார். குளிரடித்து புழு இரண்டு நாள் தாமதித்தால், அதையொட்டிய ஒவ்வொரு நினைவூட்டலையும் அவரே தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தாலும் நஷ்டம். பழுத்த புழுவுக்கு ரிமைண்டர் தெரியாது. சந்திரிகை இல்லாவிட்டால் படுக்கையிலேயே நூலைக் கக்கி வீணாக்கும். ஒரு மாச உழைப்பு.

இதைப் புரிந்துகொண்ட ஒரு மென்பொருள் இருந்தது. 1988-ல் லோட்டஸ் கம்பெனி வெளியிட்ட 'அஜெண்டா'. டாஸ் காலத்துக் கறுப்புத் திரை சமாசாரம். எந்தக் கேள்வியும் கேட்காமல், தோன்றியதைத் தோன்றியபடி ஒரு வரியாக அடிக்கச் சொன்னது. வரியில் ஆள் பெயர் இருந்தால் அந்த ஆளின் கீழும், கிழமை இருந்தால் அந்தத் தேதியின் கீழும் தானே சேர்த்துக்கொண்டது. ஒரே வரி பல இடங்களில் இருக்கலாம். படித்தவர்கள் கொண்டாடினார்கள், பழகச் சிரமமாக இருந்ததால் கடையில் போணியாகவில்லை. விண்டோஸ் வந்ததும் லோட்டஸ் அதைக் கைவிட்டு, தோல் அட்டை போட்ட டயரி மாதிரியே திரையில் தெரிகிற 'ஆர்கனைசர்' பக்கம் போனது. மறுபடி மூன்று க்யூ.

லோட்டஸை நிறுவியவரும் அஜெண்டாவை வடிவமைத்தவர்களில் ஒருவருமான மிட்ச் கேபோருக்கு இது ஆறவில்லை. 2001-ல் சொந்தப் பணத்தைப் போட்டு 'சாண்ட்லர்' என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார். ஒரே குறிப்பின் மேல் 'வேலை', 'நிகழ்ச்சி', 'மெயில்' என்று எத்தனை முத்திரை வேண்டுமானாலும் குத்தலாம் என்பது திட்டம். அருமையான யோசனை. முதல் முழுப் பதிப்பு வந்தது 2008 ஆகஸ்டில். அதற்குள் கேபோரே விலகியிருந்தார். இந்தக் கதையை மூன்று வருஷம் கூடவே இருந்து ஸ்காட் ரோசன்பெர்க் எழுதிய 'ட்ரீமிங் இன் கோட்' (2007) சுவாரஸ்யமான புத்தகம். 4,732 பிழைகள் என்று அட்டையிலேயே கணக்கு சொல்கிறார். ஆனால் அவருடைய அக்கறை, மென்பொருள் செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதில். எனக்குத் தோன்றுவது வேறு: ஒரு வரியைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதை மட்டும் முதலில் ஒழுங்காகச் செய்திருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யப்போய் நாள் கடந்துவிட்டது.

பி.காம். படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1494-ல் வெனிஸில் லூகா பசியோலி அச்சிட்ட கணக்கியல் பாடத்தில் மூன்று புத்தகங்கள் உண்டு. முதலாவது சிட்டை. நடந்ததை நடந்த உடனே, வீட்டில் எழுதத் தெரிந்த யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்புறம்தான் குறிப்பேடு, பேரேடு. முதலில் எழுது, பிறகு பிரி. நம்முடைய ஆப்கள் எடுத்த எடுப்பிலேயே பேரேட்டைத் திறந்து எந்தக் கணக்கு என்று கேட்கின்றன.

சிட்டை நம் கையில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். வுண்டர்லிஸ்ட்டை மைக்ரோசாஃப்ட் வாங்கி 2020-ல் மூடியது. யானையைச் சின்னமாக வைத்த எவர்நோட், 2023 டிசம்பரிலிருந்து ஓசியில் வருகிறவர்களுக்கு ஐம்பது குறிப்புதான் என்று சொல்லிவிட்டது. யானைக்கு ஞாபகசக்தி அதிகம், தீனியும் அதிகம்.

சுவரில் தொங்கும் சிவகாசிக் காலண்டர் தேவலை என்று சொல்லி முடிக்க மாட்டேன். பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் அதில் குடும்பம் மொத்தத்துக்கும் தெரிகிறது, வாஸ்தவம். ஆனால் அது ஞாபகப்படுத்தாது, தேடித் தராது. அதற்குத்தான் மென்பொருள். இப்போது தமிழில் பேசினாலே போன் எழுதிக்கொள்கிறது. பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

அடுத்த தடவை யாராவது ஒரு ஆப்பைச் சிபாரிசு செய்தால், அந்தச் சந்திரிகை வரியை அதில் அடித்துப் பாருங்கள். தேதி கேட்காமல் வாங்கிக்கொள்கிறதா? நாலாம் தோல் இன்றைக்குத்தான் முடிந்தது என்று சொன்னால், மிச்சத்தைத் தானே தள்ளிவைக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் காசு கொடுத்தே வாங்கலாம்.