எழுத்துக்கு எண் இட்டவர் யார்?

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை மனிதரே கூடித் தீர்மானிக்க வேண்டும். ஆகவே எழுத்துக் குறியீட்டு அட்டவணை என்பது இயற்கை விதி அன்று; கூடியிருந்தோர் எடுத்த முடிவு. அங்கு கூடியிருந்தோர் யார், இல்லாதோர் யார் என்று கேட்பது விமர்சகனின் கடமையாகும்.

1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி அட்டவணை ஏழு துவித இலக்கங்களால் ஆனது. அதில் இருந்தவை 128 இடங்களே. ஆங்கிலத்துக்கு அவை போதும்; உலகின் ஏனைய மொழிகளுக்கு அங்கு இடமில்லை. பின்னர் கணினியில் குடிபுகுந்த தமிழ், ஆங்கில எழுத்தின் இடங்களில் இரவல் வாழ்க்கை நடத்தியது. நம் நாட்டில் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'அம்மா' என்ற சொல், கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே கிடந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா மறைந்து, பொருளற்ற குறிகளே தோன்றின. ஓர் அச்சகத்தின் பல்லாண்டு உழைப்பு இன்னோர் அச்சகத்துக்குப் பயன்படாது போயிற்று.

1991இல் வெளிவந்த யூனிக்கோட் இந்நிலையை மாற்றியது. உலக மொழிகள் யாவற்றுக்கும் ஒரே அட்டவணை என்பது அதன் இலட்சியம். தமிழ் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. சிங்களம் 1999இலேதான் சேர்க்கப்பட்டது. ஆயினும் தமிழுக்குக் கிடைத்த இடம் தமிழின் இயல்பை நோக்கி வகுக்கப்பட்டதன்று. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக இந்தியாவில் 1988இல் அமைக்கப்பட்ட இஸ்கி அட்டவணையின் வார்ப்பில் அது அமைந்தது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையில், தமிழில் இல்லாத எழுத்துக்களுக்கான மூன்று இடங்கள் இன்றும் வெறுமையாக உள்ளன. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். அட்டவணையிலோ 'க' என்பதற்குத் தனி எண் உண்டு. 'க்' என்பதற்கு இல்லை. ககரத்தின் எண்ணோடு புள்ளியின் எண்ணைச் சேர்த்தே மெய்யைப் பெறவேண்டும். மூன்று எழுத்துச் சொல்லாகிய 'அம்மா' இங்கும் ஐந்து எண்களாகவே நிற்கிறது.

இக்குறையைக் கண்டு வெகுண்டோர், எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் வழங்கும் முறை ஒன்றை வகுத்தனர். டேஸ்-16 எனப்படும் அம்முறையை 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிக்கோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்டது. இலக்கண நோக்கில் அது செம்மையானதே. ஆனால் அதன் எண்கள், யூனிக்கோடில் எவரும் தம் விருப்பப்படி பயன்படுத்த விடப்பட்ட தனிப்பகுதியில் அமைந்தவை. அவ்வெண்களை ஏற்றுக்கொள்ளாத கணினியில் அவற்றுக்குப் பொருளில்லை. செம்மையின் பெயரால் மீண்டும் ஒரு தனியறைக்குள் புகுவதை நாம் ஆதரிக்க இயலாது. மெய்யெழுத்தின் பிறப்பு முறையை மென்பொருள் கவனித்துக்கொள்ளும். கிளிநொச்சி மாணவன் எழுதியதை மலேசியத் தோட்டத் தொழிலாளியின் மகள் வாசிக்க முடிகிறதா என்பதே நமக்கு முதன்மையான வினா. குறையுள்ள பொதுவுடைமை, குறையற்ற தனியுடைமையிலும் மேலானது.

எனினும் உள்ளது போதும் என்று அமைதி கொள்வதும் தவறு. யூனிக்கோட் அமைப்பில் முழு வாக்குரிமை பெற்றோருள் பெருங் கம்பனிகளே மேலோங்கி நிற்கின்றன. ஒருமுறை எண் பெற்ற எழுத்தை இடம் மாற்றவோ நீக்கவோ கூடாது என்பது அதன் விதி. பழைய ஆவணங்கள் சிதையாதிருக்க அவ்விதி இன்றியமையாதது. ஆனால் தொடக்கத்தில் அவையில் இல்லாதோர் அதன் விலையை என்றென்றும் செலுத்த நேர்கிறது. மறுபுறம், ஆராய்ந்து முன்மொழிந்தோரின் உழைப்பு வீண்போகவில்லை. நம் முன்னோர் கணக்கிற் கையாண்ட பின்னக் குறிகள் 2019இல் அட்டவணையில் இடம்பெற்றமை அதற்குச் சான்று.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் ஆற்றவேண்டிய பணி தெளிவானது. பாமினியில் முடங்கிக் கிடக்கும் கட்டுரைகளையும் மலர்களையும் பாடக் குறிப்புக்களையும் பொதுக் குறியீட்டுக்கு மாற்றுவோம். புதியவற்றை அதிலேயே எழுதுவோம். அடுத்த முடிவுகள் எடுக்கப்படும் அவையில், இலக்கணமும் கணினியும் ஒருங்கே கற்ற நம் இளைஞர்கள் அமரும்படி செய்வோம்.