நெய்தலுக்கு உணவு எது? – சங்கப் பாட்டின் சந்தைக் காட்சிகள் குறித்து

சங்க இலக்கியத்தின் அங்காடி வருணனைகளைப் போற்றாத திறனாய்வாளர் அரியர். மதுரைக்காஞ்சியின் நாளங்காடியும் அல்லங்காடியும், பட்டினப்பாலையின் பண்டக் குவியல்களும் பண்டைத் தமிழர் செல்வச் செழிப்பின் சான்றுகளாக மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆயின், வாங்குவோனுக்குச் சந்தை ஒரு காட்சி. விற்போனுக்கோ அது அன்றைய உலை. இவ்விரு நிலைகளுள் எதனைச் சார்ந்து நின்று புலவன் பாடினான் என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, கருப்பொருள் வரிசையில் தெய்வத்தை அடுத்து உணவை வைக்கின்றது. உணவு, இடமும் பருவமும் கூடிப் பிறப்பது என்பதே இதன் கருத்து எனலாம். பிற்காலத்து நம்பியகப்பொருள் ஒவ்வொரு திணைக்கும் உரிய உணவை வகுத்துரைக்கும்போது, குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகு, மருதத்துக்கு நெல் என அந்தந்த நிலத்தின் விளைவையே கூறுகின்றது. நெய்தலுக்கு மட்டும் அது மீனையும் உப்பையும் விற்றுப் பெற்றவற்றை உணவாகக் கூறுகின்றது. கடற்கரை மாந்தனுக்கு உணவு கடலில் மட்டும் இல்லை, விலையில் இருக்கின்றது. இலக்கண ஆசிரியர் கண்ட இவ்வுண்மையின் கனத்தை நாம் இன்னும் முழுமையாக உணர்ந்தோமில்லை.

இக்கட்டுரையாளனின் ஊராகிய பேசாலை, மன்னார்த் தீவின் வடகரையில் உள்ளது. தென்கரை கொந்தளிக்கும் சோளகக் காலத்தில் வடகரை ஓரளவு அமைதியுறும். வாடை வீசத் தொடங்கியதும் நிலைமை மாறும். எங்கள் ஊரில் மாதத்தை நாட்காட்டி சொல்வதில்லை. காற்றும், வலையில் விழும் மீனுமே சொல்லும். பெருநிலத்தில் கட்டுக்கரைக்குளத்து வயல்கள் அறுவடையாகும் நாள்களில் கருவாட்டுச் சுமையோடு சென்று நெல்லோடு திரும்பிய கதையை என் அம்மம்மா கூறக் கேட்டிருக்கின்றேன். அக்கதையில் எந்த வீட்டுக்கு எவ்வளவு கருவாடு, எவ்வளவு நெல் என்பதெல்லாம் உண்டு; ஏன், முகங்களும் உண்டு. இன்றோ கரையில் ஏலம் முடிந்ததும் மீன் பனிக்கட்டிப் பெட்டிக்குள் சென்று, இரவோடிரவாகக் கொழும்புக்கு லொறியேறுகின்றது. முற்பணம் கொடுத்தவன் சொல்வதே பல நாள்களில் விலையாகின்றது.

இந்த அனுபவத்தோடு பட்டினப்பாலையை அணுகுவோம். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி குதிரையும், மூடையாக மிளகும், வடமலையிலிருந்து மணியும் பொன்னும், தென்கடலிலிருந்து முத்தும் வந்து குவிவதை உருத்திரங்கண்ணனார் பாடுகின்றார். அவ்வரிசையில் ஈழத்திலிருந்து வந்த உணவும் இடம்பெறுகின்றது. முதன்முறை படித்தபோது என் நெஞ்சு பெருமையால் நிமிர்ந்தது. மறுமுறை படித்தபோதுதான் ஒன்று உறைத்தது: மிளகுக்குப் பெயர் உண்டு, முத்துக்குப் பெயர் உண்டு, ஈழத்து உணவுக்குப் பெயரில்லை. அது நெல்லா, மீனா, கருவாடா? எப்பருவத்தில், எவர் கையால் வந்தது? பாட்டு கூறவில்லை. பரதவரை அப்புலவர் காணாமலில்லை. ஆயினும் அவர் விரித்துக் காட்டுவது, முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாக்கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடும் பரதவரை. அவர்களின் ஓய்வு அழகாகின்றது. பேரம் பாட்டில் இடம்பெறவில்லை.

இதே கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் வேறொரு சந்தையைக் காட்டுகின்றார். தேனும் கிழங்கும் கொடுத்தோர் மீனெண்ணெயும் கள்ளும் பெறுகின்றனர். கரும்பும் அவலும் கொடுத்தோர் மான் தசையும் கள்ளும் பெறுகின்றனர். இங்கே பண்டம் தனித்துக் கிடக்கவில்லை; கொடுப்போரும் பெறுவோரும் எதிரெதிர் நிற்கின்றனர். ஐங்குறுநூற்றில் பாண்மகள் மீனைக் கொடுத்து நெல் பெறுகின்றாள். அகநானூற்றில் அம்மூவனார் காட்டும் உமணப்பெண் உப்பை நெல்லுக்கு நிகராக விலைகூறித் தெருவில் நடக்கின்றாள். இவை சில அடிகளே. எனினும் இவற்றில் விற்பவளுக்குக் குரல் உண்டு.

பட்டினப்பாலையின் அமைப்பே அத்தகையது எனச் சிலர் மறுக்கக்கூடும். பட்டினமே கிடைப்பினும் தலைவியைப் பிரியேன் என்று தலைவன் கூறுவதற்கு அப்பட்டினம் நிகரற்றதாக இருத்தல் வேண்டும். ஆகவே அப்பட்டியல் கலைத்தேவை. இம்மறுப்பு நியாயமானதே. குறை புலவர்பாலன்று, காதலன் சொல்லில் வரும் பெருமிதத்தைச் சமுதாய வரலாறாகப் படித்த நம்பாலது. திணைக் கோட்பாட்டைப் பொருளாதார அடிப்படையில் ஆராய்ந்து பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய பின்னரும், மேடைகளில் நாம் பண்டப் பட்டியலையே ஒப்பித்து வருகின்றோம்.

ஆகவே செழிப்பை அளக்க வேண்டிய இடம் பண்டக் குவியலன்று. மீன் கொடுத்தவள் நெல்லோடு வீடு திரும்பினாளா என்பதே அளவுகோல். கொழும்புச் சந்தையில் மீன் வாங்குவோருள் பலருக்கு அது பிடிபட்ட கரையும் தெரியாது, வீசிய காற்றும் தெரியாது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயரின்றிப் பட்டினம் சேர்ந்த ஈழத்து உணவு இன்றும் பெயரின்றியே நகர் சேர்கின்றது. அதற்குப் பெயரிட்டுப் படிக்கும் கடமையேனும் நம்முடையதாகட்டும்.